முள் ஒடித்த திருக்கைகள்

கொழுந்தன்: ...நான் வந்து பார்க்கும்போதே இப்படித்தான் கிடந்துச்சு அண்ணி. மணி ஆறு இருபத்திமூணு. பார்த்த உடனே உங்களுக்குத்தான் போன் போட்டேன். அப்போ ஆறு இருபத்தஞ்சு.

அண்ணி: மணியை யாரு கேட்டா? வாளியை இப்படி வை. மொத்தம் எத்தனை திருக்கை?

கொழுந்தன்: பதினொண்ணு.

அண்ணி: உயிரோட?

கொழுந்தன்: அஞ்சு. அதோ அந்தப் பெருசைச் சேர்த்தா. சேர்க்கலாமான்னு தெரியல.

அண்ணி: சேர்த்துக்கோ. கண்ணுக்குப் பின்னால ஓட்டை இருக்குல்ல, மூடித் திறக்குது பாரு. மூச்சு ஓடுது.

கொழுந்தன்: துணியை நனைச்சு எல்லாத்து முதுகு மேலயும் போட்டேன். அந்த ஓட்டையில தண்ணி இறங்கிடாம தள்ளித் தள்ளித்தான் ஊத்தினேன்.

அண்ணி: இறங்கிடாமலா? ஏன்?

கொழுந்தன்: நீங்கதானே சொன்னீங்க... போன மழைக்கு டால்பின் ஒதுங்கினப்போ. தலைமேல இருக்கற ஓட்டையில ஒரு சொட்டு போகக் கூடாது, போனா மூச்சு முட்டிச் செத்துடும்னு ஊரையே கூட்டினீங்களே.

அண்ணி: டால்பின் காத்தை இழுக்கற உயிர் தம்பி. இது மீன். இதுக்குத் தண்ணிதான் காத்து... எவ்வளவு நேரமா இப்படி ஒதுக்கி ஒதுக்கி ஊத்தின?

கொழுந்தன்: நீங்க வர்ற வரைக்கும்.

அண்ணி: அரை மணி நேரம்.

கொழுந்தன்: அப்போ அந்த ஆறும் என்னாலதான்...

அண்ணி: உன்னால இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். உன்னாலதான்னும் இப்போ சொல்ல மாட்டேன். ஊத்து. நேரா அந்த ஓட்டையிலயே ஊத்து. கடல் தண்ணிதானே அது?

கொழுந்தன்: கடல் தண்ணிதான்.

அண்ணி: கடல் எப்போ திரும்பும்?

கொழுந்தன்: ஒன்பதரைக்கு மேல. இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்கு. பார்த்தீங்களா, நான் வந்தப்போ அந்தப் பாறை வரைக்கும் தண்ணி நின்னுச்சு.

அண்ணி: அப்போ காத்திருக்க முடியாது. தூக்கிட்டுப் போகணும்.

கொழுந்தன்: நாம ரெண்டு பேருமா?

அண்ணி: வேற யாரு இருக்கா? எங்க மீன்துறை ஆபீஸ் வண்டி எட்டரைக்குத்தான் வரும். அதோ நாயோட ஒருத்தர் நிக்கறாரே, கூப்பிடட்டுமா? வந்ததுல இருந்து படம்தான் எடுத்துட்டிருக்காரு.

கொழுந்தன்: வேண்டாம். வேண்டாம் அண்ணி. நாமே பார்த்துக்கலாம்.

அண்ணி: ஏன், படத்துல நீ அழகா விழலையா?

கொழுந்தன்: இந்த நேரத்துல கிண்டலா...

அண்ணி: சரி, விடு. தார்ப்பாயை விரி. அதுக்குப் பக்கத்துல, ஒட்டி. சின்னதுல இருந்து ஆரம்பிப்போம்.

கொழுந்தன்: பெருசுதானே ரொம்ப மோசமா இருக்கு?

அண்ணி: எது பிழைக்கும்னு தெரியுதோ அது முதல்ல. பெருசு வயித்துல குட்டி இருக்கு. முதுகு மேடு தட்டியிருக்கு பாரு. அசைச்சா அங்கேயே ஈனிடும். அதைக் கடைசியா வெச்சுக்கலாம்.

கொழுந்தன்: குட்டியா?

அண்ணி: இந்த மாசம் வேற எதுக்கு இந்தப் பக்கம் வரும்? இங்க யாரும் வலை போடக் கூடாதுன்னு மஞ்சள் மிதவை போட்டு விரிகுடாவை மூடி வெச்சிருக்கறது வேடிக்கைக்கா?... விளிம்புக்கு அடியில கையை விடு. செவுள் பக்கம் விரல் போகக் கூடாது. வாலைப் பிடிச்சு இழுக்காதே, முதுகெலும்பு விட்டுடும். இரு, இரு. நீ தலைப்பக்கம் வா. வால் பக்கம் நான் நிக்கறேன்.

கொழுந்தன்: நான் இங்கேயே இருக்கேன் அண்ணி.

அண்ணி: முள்ளு ஏறினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?

கொழுந்தன்: இது ஒண்ணும் பண்ணாது.

அண்ணி: எப்படித் தெரியும்?

கொழுந்தன்: ...சோர்ந்து கிடக்குல்ல. நகர்த்துங்க. ஒண்ணு, ரெண்டு...

அண்ணி: மெதுவா. சரி. உன் பக்கம் தாழுது, தூக்கிப் பிடி.

கொழுந்தன்: மண்ணு உள்வாங்குது.

அண்ணி: நடந்துக்கிட்டே இரு. நின்னா கால் புதையும்.

கொழுந்தன்: சின்னதே இந்தக் கனம் கனக்குது அண்ணி.

அண்ணி: ஒரு படகையே தள்ளற ஆளு. பேசாம வா... இடுப்பளவு வேணும். இன்னும். இன்னும் ரெண்டு எட்டு. போதும். தார்ப்பாயை இறக்கு. தலை கடலைப் பார்த்து இருக்கட்டும்.

கொழுந்தன்: விடட்டுமா?

அண்ணி: விடாதே. பிடிச்சுக்கோ. தானா உதறணும்.

கொழுந்தன்: உதற மாட்டேங்குது.

அண்ணி: பொறு. பொறு தம்பி.

கொழுந்தன்: அண்ணி... ஓரம் அசையுது. இதோ, என் கைக்கடியில.

அண்ணி: இன்னும் கொஞ்சம். ரெண்டு பக்கமும் அசையட்டும்.

கொழுந்தன்: போச்சு. போயிடுச்சு.

அண்ணி: ஒண்ணு.

கொழுந்தன்: பிழைச்சுக்குமா?

அண்ணி: தெரியாது. நம்ம கையை விட்டுப் போச்சு, அவ்வளவுதான் தெரியும். வா.

கொழுந்தன்: அண்ணன்... வீட்டுக்கு வந்துட்டாரா?

அண்ணி: வந்தாரு.

கொழுந்தன்: நல்லா இருக்காரா?

அண்ணி: கையில தூண்டில் முள்ளு குத்திடுச்சுன்னாரு.

கொழுந்தன்: ஓ.

அண்ணி: வலை போடற மனுஷனுக்குத் தூண்டில் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்.

கொழுந்தன்: என்ன சொன்னாரு?

அண்ணி: யாரோ படகுல மறந்து வெச்சிட்டுப் போனதாம்.

கொழுந்தன்: ஆமா. இருந்துச்சு. ஒரு தூண்டில். மூணாவது பலகைக்கடியில, வலது பக்கம், துருப்பிடிச்சது.

அண்ணி: நீளம் எவ்வளவுன்னு சொல்லலையே?

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: அடுத்ததுக்கு வா.

கொழுந்தன்: இதோ, இது நல்லா மூச்சு விடுது.

அண்ணி: ஆமா. நகராதே, நான் சுத்தி வர்றேன்... தம்பி.

கொழுந்தன்: சொல்லுங்க.

அண்ணி: இதோட வாலைப் பார்.

கொழுந்தன்: என்ன?

அண்ணி: முள்ளு இல்ல.

கொழுந்தன்: பாறையில உரசி உடைஞ்சிருக்கும்.

அண்ணி: இருக்கும். தூக்கு. ஒண்ணு, ரெண்டு... உம். நட.

கொழுந்தன்: ஏன் எதுவும் பேச மாட்டேங்கறீங்க?

அண்ணி: கனமா இருக்கு... இறக்கு. தலையைத் திருப்பு. இது தேவலை, இப்பவே உதறுது பாரு.

கொழுந்தன்: போயிடுச்சு.

அண்ணி: ரெண்டு. சரி, நீ வாளியை நிரப்பி மூணுக்கும் ஊத்திட்டு வா. பெருசுக்கு அதிகமா ஊத்து. நான் செத்ததுங்களை ஒரு பார்வை பார்த்துடறேன்.

கொழுந்தன்: அதை அப்புறம் பார்க்கலாமே.

அண்ணி: வெயில் ஏறினா தோல் காய்ஞ்சுடும், அடையாளம் தெரியாது.

கொழுந்தன்: என்ன அடையாளம்?

அண்ணி: ஊத்திட்டு வா.

கொழுந்தன்: ...ஊத்திட்டேன். மூணும் மூச்சு விடுது. அண்ணி, அதைத் தூக்கணுமா? ஏன் புரட்டறீங்க?

அண்ணி: எழுதறேன். நீ அளக்கற நாடாவைப் பிடி. முதல் திருக்கை. பெண். அகலம்?

கொழுந்தன்: எழுபத்திரண்டு சென்டி.

அண்ணி: வாலில் முள் இல்லை. ரெண்டாவது. பெண். அகலம்?

கொழுந்தன்: அறுபத்தெட்டு.

அண்ணி: வாலில் முள் இல்லை. மூணாவது. பெண்.

கொழுந்தன்: எல்லாம் பெண்ணா?

அண்ணி: குட்டி போட வந்த இடத்துல ஆணுக்கு என்ன வேலை? அகலம் சொல்லு.

கொழுந்தன்: எழுபது.

அண்ணி: வாலில் முள் இல்லை. நாலாவது... முள் இல்லை. அஞ்சாவது. இதுக்கு இருக்கு. முழுசா இருக்கு. ஆறாவது, இதுக்கும் இருக்கு. முன்னாடி விட்டோமே முதல் திருக்கை, அதுக்கும் இல்லதானே? நீ வால் பக்கம் உட்கார்ந்து தைரியமா தூக்கின. ஒதுங்கினதுல ஆறுக்கு முள்ளு இல்ல. எல்லாம் ஒரே இடத்துல போயிருக்கு. பாறை உரசினா பிசிறு நிக்கும். இது வழவழன்னு இருக்கு. கத்தி வெட்டு.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: திருக்கை கைக்கு வந்ததும் முதல் வேலையா முள்ளை ஒடிக்கறது யாரு தம்பி? கடலா?

கொழுந்தன்: படகுல மிதிச்சா ஆபத்துன்னு ஒடிக்கறது வழக்கம்தானே...

அண்ணி: அப்போ படகுல இருந்திருக்கு... முகத்தைத் துடைச்சுக்கோ. மண்ணா இருக்கு.

கொழுந்தன்: வலையில வந்துச்சு அண்ணி.

அண்ணி: யாரு வலை?

கொழுந்தன்: நம்ம வலைதான்.

அண்ணி: எங்க போட்ட வலை?

கொழுந்தன்: ...மிதவைக்கு உள்ள.

அண்ணி: உம்.

கொழுந்தன்: திட்டிடுங்க.

அண்ணி: திட்டிட்டு நிக்கறதுக்கா மூணு உயிர் காத்திருக்கு? தார்ப்பாயை எடு. நடந்துக்கிட்டே சொல்லு.

கொழுந்தன்: பத்து நாளா வலை வெறுமையா வந்துச்சு. உங்களுக்கே தெரியும். மிதவைக்கு உள்ள மீன் துள்றது வெளியில இருந்தே கேக்கும். ஒரே ஒரு தடவை...

அண்ணி: விளிம்பைப் பிடி. இதுக்கு முள்ளு இருக்கு, பார்த்து. வால் பக்கம் நான்.

கொழுந்தன்: சரி.

அண்ணி: சொல்லு.

கொழுந்தன்: மீனே இல்ல. வலை பூரா இதுங்கதான். பதினொண்ணும் மொத்தமா. கை வெச்சா கொட்டும்னு முள்ளை ஒடிக்க ஆரம்பிச்சாச்சு. ஆறு ஒடிச்சதும் அண்ணன் கையைப் பிடிச்சிட்டாரு. குட்டிக்கு வந்த மீனுடா, எல்லாத்தையும் ஆழத்துல விடுன்னாரு.

அண்ணி: அண்ணன் விடச் சொன்னாரா?

கொழுந்தன்: அவரே ஒண்ணைத் தூக்கினாரு, விடறதுக்கு. அதுக்கு இன்னும் முள்ளு ஒடிக்கலை. உள்ளங்கையில ஏறிடுச்சு.

அண்ணி: ...இறக்கு. தலையைத் திருப்பிப் பிடி.

கொழுந்தன்: அப்படியே சுருண்டுட்டாரு அண்ணி. அண்ணன் அலறி நான் கேட்டதே இல்ல. ஆழத்துக்குப் போக நேரம் இல்ல. கிட்ட இருந்த கரைக்கு இன்ஜினை முடுக்கிட்டேன். அவரை இறக்கி விட்டுட்டு, இதுங்களை இங்கேயே ஓரமா தள்ளினேன். தண்ணி இருந்துச்சு அப்போ, முழங்கால் அளவு. நீந்திப் போயிடும்னு நினைச்சேன்.

அண்ணி: தண்ணி இறங்கற நேரம்னு உனக்குத் தெரியாதா?

கொழுந்தன்: தெரியும். தினம் பார்க்கறதுதான். அந்த நேரத்துல தோணலை. படகைக் கட்டிட்டுத் திரும்பிப் பார்க்கறேன், மணல் தெரியுது.

அண்ணி: கையை விடு. அது உதறுது.

கொழுந்தன்: போச்சு.

அண்ணி: மூணு.

கொழுந்தன்: அண்ணன் கை எப்படி இருக்கு?

அண்ணி: மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருக்கு. சுடுதண்ணியில வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து உட்கார்ந்திருக்கா. வலி இறங்கலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா.

கொழுந்தன்: அப்போ முள்ளுன்னு உங்களுக்கு முன்னமே தெரியும்.

அண்ணி: பதினஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கறேன் தம்பி. தூண்டில் குத்தினதுக்கும் திருக்கை கொட்டினதுக்கும் வித்தியாசம் தெரியாதா? கை வாசல்ல நுழையும்போதே தெரியும்.

கொழுந்தன்: தெரிஞ்சும் இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டீங்களே.

அண்ணி: நீயா சொல்வியான்னு பார்த்தேன்.

கொழுந்தன்: சொல்லிட்டேன்ல.

அண்ணி: வாலைக் காட்டினப்புறம். நாலாவது வா. இதுவும் தேறும் போல இருக்கு.

கொழுந்தன்: அண்ணி, ஆபீஸுக்கு எழுதற தாள்ல... கரைக்கு வந்த விதம்னு ஒரு கட்டம் இருக்குமே.

அண்ணி: ஏழாவது கட்டம்.

கொழுந்தன்: அதுல என்ன எழுதப் போறீங்க?

அண்ணி: தூக்கு.

கொழுந்தன்: தானா ஒதுங்கிச்சுன்னு எழுதினா யாரு வந்து பார்க்கப் போறா? முள்ளு இல்லாததை எழுத வேண்டாம். உடம்பைப் புதைச்சிடலாம். நானே குழி வெட்டறேன்.

அண்ணி: தூக்கு தம்பி. அது காத்துட்டிருக்கு.

கொழுந்தன்: ஒண்ணு, ரெண்டு... போன வருஷமே ஒரு தடவை எச்சரிக்கை குடுத்திருக்காங்க. ரெண்டாவது தடவைன்னா லைசென்ஸ் போச்சு. மொத்தமா போச்சு. படகு கரையிலேயே மக்கிடும்.

அண்ணி: தெரியும்.

கொழுந்தன்: உங்க வீட்டுக்காரரு. உங்க கையால.

அண்ணி: தெரியும்னேன்.

கொழுந்தன்: அவருக்கு வேற என்ன தொழில் தெரியும்? நாற்பத்தாறு வயசுல போய் எங்க நிப்பாரு?

அண்ணி: லைசென்ஸ் போச்சே, அந்த நெட்டையனுக்கு ஐம்பத்தொண்ணு. இதே விரிகுடா. இதே மிதவை. ஆமை ரெண்டு ஒதுங்கினப்போ கழுத்துல வலைத் தழும்பு. நான்தான் எழுதினேன். வீட்டு வாசல்ல வந்து நின்னான், பொண்டாட்டியோட. நான் பேனாவை மூடலை. நீயும் அன்னிக்கு இருந்தியே. அண்ணி சொன்னா சொன்னதுதான்னு அவன்கிட்ட பெருமையா சொன்ன.

கொழுந்தன்: அது வேற.

அண்ணி: எப்படி வேற?

கொழுந்தன்: அது வேற அண்ணி. அது நம்ம வீடு இல்ல.

அண்ணி: ...இறக்கு. தலை கடல் பக்கம். நெட்டையன் இப்போ ஐஸ் கம்பெனியில கட்டி உடைக்கறான். பார்த்தா வணக்கம் சொல்றான். அந்த வணக்கத்தை நான் எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு தெரியல. நாளைக்கு உங்க அண்ணனுக்கு மட்டும் தானா ஒதுங்கிச்சுன்னு எழுதிட்டு அந்த வழியா நடக்கச் சொல்றியா?

கொழுந்தன்: ...உதறிடுச்சு.

அண்ணி: நாலு.

கொழுந்தன்: பெருசுதான் பாக்கி.

அண்ணி: ஒரு விஷயம் கேக்கறேன். தானே போட்ட வலையில வந்ததை, உங்க அண்ணன் தானே விடச் சொன்னாரா?

கொழுந்தன்: மனசு மாறியிருக்கும்.

அண்ணி: எத்தனை நேரத்துல? மணியை எல்லாம் சரியா சொல்ற ஆளாச்சே.

கொழுந்தன்: பார்க்கலை அண்ணி. இருட்டா இருந்துச்சு.

அண்ணி: வலையைப் போட்டது யாரு?

கொழுந்தன்: படகு யார் பேர்ல இருக்கோ அவங்கதானே பொறுப்பு? எனக்குன்னு ஒரு படகு இருக்கா, காகிதம் இருக்கா? நான் கூட வந்த ஆளு.

அண்ணி: நான் பொறுப்பைக் கேக்கலை.

கொழுந்தன்: அண்ணி, அங்க பாருங்க. பெருசு...

அண்ணி: தள்ளு. தள்ளிக்கோ. முள்ளு இருக்கு அதுக்கு. ஈனுது.

கொழுந்தன்: நாம தொடவே இல்லையே.

அண்ணி: உயிருக்குப் பயந்தா தானா இறங்கிடும். வாளியைக் குடு. அடியில பிடி. மண்ணுல விழக் கூடாது.

கொழுந்தன்: இது என்ன, சுருட்டி வெச்ச தாள் மாதிரி...

அண்ணி: அதுதான் குட்டி. ஓரத்தை உள்ள சுருட்டிக்கிட்டுத்தான் வரும். தண்ணியில விட்டா விரியும். விரியுதா?

கொழுந்தன்: விரியுது.

அண்ணி: அசையுதா?

கொழுந்தன்: சுத்தி வருது. அண்ணி, வாளிக்குள்ள சுத்தி வருது. உள்ளங்கை அகலம்தான் இருக்கு.

அண்ணி: இன்னொண்ணு வருது. பிடி.

கொழுந்தன்: பிடிச்சேன். இதுவும் அசையுது.

அண்ணி: மூணாவது... இது வேண்டாம். இங்க குடு.

கொழுந்தன்: ஏன்?

அண்ணி: வயித்துல மஞ்சக்கருப் பை அப்படியே ஒட்டியிருக்கு. முதிரலை. துணியில வை.

கொழுந்தன்: தாய்?

அண்ணி: ஓட்டையைப் பார்த்துட்டே இரு.

கொழுந்தன்: திறந்துச்சு... மூடுச்சு.

அண்ணி: ஊத்து.

கொழுந்தன்: ஊத்தறேன். மூடியே இருக்கு.

அண்ணி: ஊத்து.

கொழுந்தன்: அண்ணி, மூடியே இருக்கு.

அண்ணி: போதும். செத்துடுச்சு.

கொழுந்தன்: முதல்லயே நேரா ஊத்தியிருந்தா?

அண்ணி: பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். ரெண்டு குட்டி இருக்கு. வாளியைத் தூக்கு, தளும்பாம. பாறைக்கு அந்தப் பக்கம் குட்டை மாதிரி இருக்குல்ல, கடலோட சேர்ந்த குட்டை. அங்க விடலாம். அலை அடிக்காது.

கொழுந்தன்: நான் விடட்டுமா?

அண்ணி: நீதான் விடணும். வாளியைத் தண்ணிக்குள்ள அமுக்கிச் சாய். கொட்டாதே. அதுவா வரட்டும்.

கொழுந்தன்: வா... வாம்மா. ஒண்ணு வந்துச்சு. மண்ணுக்கடியில போய்ப் படுத்துக்கிச்சு. இன்னொண்ணும்.

அண்ணி: போதும். நிழல் விழாம தள்ளி வா.

கொழுந்தன்: அண்ணி, நான் உங்களை ஒண்ணும் கேக்கலை. ஏழாவது கட்டத்தை மட்டும் இன்னிக்கு ஒரு நாள் காலியா விடுங்க. ஆராயணும்னு போடுங்க. அண்ணன் கை சரியாகட்டும். அப்புறம் எழுதுங்க.

அண்ணி: அதை நான் எழுத வேண்டிய அவசியமே இல்ல தம்பி.

கொழுந்தன்: அப்படின்னா?

அண்ணி: எழுதியாச்சு. நீ போன் பண்ணப்போ உங்க அண்ணன் பக்கத்துலதான் இருந்தாரு. ஒரு கை சுடுதண்ணியில. தாள் எடும்மான்னாரு. அவரு சொன்னாரு, நான் எழுதினேன். வண்டியில வர்ற அதிகாரி கையில குடுக்கணும்.

கொழுந்தன்: எங்க அது?

அண்ணி: பையில இருக்கு. உன்கிட்ட காட்டக் கூடாதுன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு.

கொழுந்தன்: காட்டுங்க.

அண்ணி: கையைத் துடை. ஈரம் படாம பிடி. இல்ல, வேண்டாம், நானே படிக்கறேன். "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு. மேற்படி படகின் உரிமையாளராகிய நான் எழுதிக்கொள்வது. இன்று விடியற்காலையில், மூடப்பட்ட விரிகுடாவின் மஞ்சள் மிதவைகளைக் கடந்து வலை விரித்தவன் நானே. அது தவறு என்று அறிந்தே செய்தேன். வலையில் பதினொரு திருக்கைகள் அகப்பட்டன. அவற்றுள் ஆறின் முள்ளை ஒடித்தவனும் நானே."

கொழுந்தன்: ஒடித்தவனும்...

அண்ணி: "உடன் வந்த என் தம்பி, உள்ளே போக வேண்டாம் என்று மூன்று முறை தடுத்தான். நான் கேட்கவில்லை. எனக்குக் காயம் பட்டதால் அவன் படகைக் கரைக்குக் கொண்டுவர நேர்ந்தது. ஆகவே திருக்கைகள் கரையில் மாண்டதற்கும் நானே காரணம். வருகிற திங்கட்கிழமை அவனுடைய உரிமத்துக்கான நேர்காணல் நடக்க இருக்கிறது. இந்தச் சம்பவத்தில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு." கையெழுத்து இடது கையால போட்டது. அதான் கோணலா இருக்கு.

கொழுந்தன்: மூணு தடவைன்னா எழுதியிருக்கு?

அண்ணி: மூணு தடவை.

கொழுந்தன்: நீங்க ஒண்ணும் கேக்கலையா?

அண்ணி: கேக்கலை. ஒரு எழுத்தையும் மாத்தலை. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு. பதினாறு வருஷமா அவரு படகுல வேலை பார்த்திருக்க. நான் வாக்கப்பட்டு வந்தப்போ பள்ளிக்கூடச் சீருடை போட்டுட்டு நின்ன. திங்கக்கிழமைக்கு உன் சட்டையைக்கூட நேத்தே தேய்ச்சு மாட்டி வெச்சிருக்காரு. நான் படிச்சதை நீ கேட்டதா அவருக்குத் தெரிய வேண்டாம்.

கொழுந்தன்: அண்ணி, வண்டி சத்தம் கேக்குது.

அண்ணி: ஆமா. கரைப்பக்கம் திரும்பிட்டாங்க. எழுந்திரு. மண்ணைத் தட்டு.

கொழுந்தன்: அந்தத் தாளை மடிச்சு உள்ள வைங்க. புதுசா ஒண்ணு எடுங்க.

அண்ணி: எதுக்கு?

கொழுந்தன்: நான் சொல்றதை எழுதிக்கோங்க. அவங்க இறங்கி வர்றதுக்குள்ள.

அண்ணி: யோசிச்சுச் சொல்லு தம்பி. எழுதினா என்னால கிழிக்க முடியாது.

கொழுந்தன்: அண்ணன் படகுல தூங்கிட்டிருந்தாரு அண்ணி. சத்தம் கேட்டு முழிச்சா வேண்டாம்னு சொல்லிடுவாருன்னு, வலையோட ஈயக் குண்டை ஒவ்வொண்ணா கையில ஏந்தி நான்தான் தண்ணிக்குள்ள இறக்கினேன்.